குலுக்கலை மாற்றினால் மட்டும் போதாது: என்.பி.ஏ. இளம் வீரர்களை எடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் வளர்ப்பதும்

2025 ஜூன் 16 அன்று நடந்த, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் ஒக்லஹோமா சிட்டி தண்டர் வீரர் ஜேலன் வில்லியம்ஸ் 40 புள்ளிகள் எடுத்தார். அந்த சீசனின் தலைசிறந்த பதினைந்து வீரர்கள் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது. அவர் அந்த ஆண்டு வாங்கிய சம்பளம் சுமார் 48 லட்சம் டாலர். அந்த சீசனில் அணிகளின் சம்பள வரம்பு 14.06 கோடி டாலர். இளம் வீரருக்குத் திறந்த சந்தையில் தரக்கூடிய உச்சத் தொகை அதில் 25 சதவீதம், அதாவது சுமார் 3.5 கோடி. ஒரே வீரரிடம் ஒரே ஆண்டில் அணிக்கு மிச்சமானது 3 கோடி டாலர். அவருடன் ஆடிய செட் ஹோம்கிரென் வாங்கியது சுமார் 1.09 கோடி, அவரிடமும் இதேபோல் ஒரு மிச்சம். இப்படி மிஞ்சிய பணத்தில்தான் தண்டர் அணி பெஞ்சில் அத்தனை நல்ல ஆட்களை வைத்திருந்தது. அந்த ஆண்டு கோப்பையும் அவர்களுடையது.

புதிய இளம் வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வுதான் டிராஃப்ட். அதைச் சீர்திருத்தப் பேசுகிறவர்கள், யார் முதலில் எடுப்பது என்று முடிவுசெய்யும் குலுக்கலின் சதவீதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். கடைசி அணிக்கு 25 சதவீத வாய்ப்பா, 14 சதவீதமா என்ற வாதம் முப்பது ஆண்டுகளாக ஓடுகிறது. ஒரு சீசனையே தோற்றுத் தள்ளத் துணியும் அளவுக்கு முதல் இடத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? நல்ல வீரர் கிடைப்பது பாதிக் காரணம். அவர் நான்கு ஆண்டுகளுக்குச் சந்தை விலையில் ஒரு பங்குக்குக் கிடைப்பதும், அதன்பிறகும் எளிதில் வெளியேற முடியாததும் மறுபாதி. புதியவர்களுக்கான நிலையான சம்பளப் பட்டியலைத் தொடாமல் குலுக்கலை மட்டும் திருத்தினால், தோற்கும் ஆசை ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு இடம் மாறுகிறது. 2019-க்குப் பிறகு நடந்தது இதுதான்.

குலுக்கல் எப்படி நடக்கிறது

தொலைக்காட்சியில் உறைகளைப் பிரித்துக் காட்டுவது முடிவை அறிவிக்கும் நிகழ்ச்சி. உண்மையான குலுக்கல் அதற்கு முன்பே ஒரு மூடிய அறையில் முடிந்துவிடும். உள்ளே இருப்பவர்களின் கைபேசிகளை முன்பே வாங்கி வைத்துவிடுவார்கள். 1 முதல் 14 வரை எண்ணிட்ட பிங்பாங் பந்துகள் இயந்திரத்துக்குள் சுழலும். 20 விநாடி கழித்து முதல் பந்து வெளியே வரும். பிறகு 10 விநாடிக்கு ஒன்றாக இன்னும் மூன்று. எந்த வரிசையில் வந்தன என்று பார்ப்பதில்லை. 14 பந்தில் 4 என்ற கணக்கில் 1,001 சேர்க்கைகள் உண்டு. 11-12-13-14 என்ற ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல், மீதி 1,000-ஐ சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்குப் போகாத 14 அணிகளுக்குப் பங்கிடுகிறார்கள். 2019-இல் வந்த கணக்கின்படி கடைசி மூன்று அணிகளுக்குத் தலா 140. அதற்கு மேலே 125, 105, 90, 75, 60, 45, 30, 20, 15, 10, 5. முதல் நான்கு இடங்களுக்கு மட்டும் பந்து எடுப்பார்கள். ஐந்தாம் இடத்திலிருந்து தோல்விக் கணக்கே வரிசை. ஆகவே மிக மோசமான அணி ஐந்துக்குக் கீழே போகாது.

இதற்கு முந்தைய வரலாறு முழுக்க ஒரு தவறைத் திருத்தப் போய் இன்னொன்றில் விழுந்த கதை. 1984 வரை இரு பிரிவுகளின் கடைசி அணிகளுக்கிடையே நாணயம் சுண்டினார்கள். ஹூஸ்டன் அடுத்தடுத்து இரண்டு ஆண்டு முதல் இடத்தைப் பெற்றது, வேண்டுமென்றே தோற்றதாகச் சந்தேகமும் கிளம்பியது. 1985-இல் உறைக் குலுக்கல் வந்தது, எல்லோருக்கும் சம வாய்ப்பு. 1990-இல் மோசமான அணிக்குக் கூடுதல் எடை கொடுத்தார்கள். 1993-இல் 41 வெற்றி 41 தோல்வி என்றிருந்த ஒர்லாண்டோ 66-இல் ஒரு வாய்ப்பில் வென்றதும், மறு ஆண்டே கடைசி அணியின் வாய்ப்பை 25 சதவீதமாக ஏற்றினார்கள். அந்த 25 சதவீதம் பிலடெல்ஃபியாவில் வந்து முடிந்தது. 2013 முதல் 2016 வரை மூன்று சீசன்களில் அந்த அணி 19, 18, 10 ஆட்டங்களே வென்றது. ரசிகர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், ஜெயிக்கும் எண்ணமே இல்லாத அணியைப் பார்த்தார்கள். கூடைப்பந்தை நேசிக்கும் எவருக்கும் அது வேதனையான காலம்.

2019-இல் அணிகளுக்கிடையேயான வாய்ப்புச் சரிவைத் தட்டையாக்கியதால் கடைசி இடத்துக்கான போட்டி குறைந்தது. 2019 முதல் 2025 வரை நடந்த ஏழு குலுக்கல்களில் ஒருமுறைகூட கடைசி அணிக்கு முதல் இடம் கிடைக்கவில்லை. 2023, 2024 இரண்டிலும் டெட்ராய்ட் கடைசியாக வந்து ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது. 2025-இல் யூட்டாவுக்கும் அதே கதி. மறுபுறம் 2024-இல் அட்லாண்டா 3 சதவீதத்தில் வென்றது. 2025-இல் டாலஸ் 1.8 சதவீதத்தில் வென்று கூப்பர் ஃப்ளாக்கை எடுத்தது.

மேலே சொன்ன எண்களை இன்னொருமுறை பாருங்கள். கடைசி மூன்று அணிகளுக்குள் முதல் இட வாய்ப்பில் வித்தியாசமே இல்லை. நான்காவதிலிருந்து பத்தாவது வரை ஒவ்வொரு படிக்கும் ஒன்றரை முதல் இரண்டு சதவீதப் புள்ளி மாறுகிறது. சரிவு இப்போது நடுவில் இருக்கிறது. முன்பு அடிமட்டத்தில் மூன்று அணிகள் தோற்கப் போட்டியிட்டன. இப்போது பிப்ரவரி முடிவதற்குள் ஏழெட்டு அணிகள் நல்ல வீரர்களுக்கு ‘ஓய்வு’ கொடுக்கத் தொடங்குகின்றன.

இதோடு சேர்ந்து வேலை செய்வது தேர்வுரிமைப் பாதுகாப்பு என்ற ஏற்பாடு. ஓர் அணி தன் எதிர்காலத் தேர்வை இன்னோர் அணிக்கு விற்கும்போது, ‘முதல் பத்துக்குள் விழுந்தால் எங்களுக்கே, இல்லையென்றால் உங்களுக்கு’ என்று எழுதிக்கொள்ளலாம். 2023 ஏப்ரலில் டாலஸ் இருந்த நிலை அதுதான். பிளேஆஃபுக்கான தகுதிச் சுற்றான பிளே-இன் போக இன்னும் வாய்ப்பிருந்தும், சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தில் முக்கிய வீரர்களை உட்காரவைத்துத் தோற்றது. ஜெயித்திருந்தால் தேர்வு நியூயார்க்குக்குப் போகும் ஆபத்து இருந்தது. லீக் 7.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. டாலஸுக்குப் பத்தாவது இடம் கிடைத்தது, தேர்வும் தங்கியது. நான்காண்டு மலிவு ஒப்பந்தத்தோடு வரும் ஒரு தேர்வின் முன் அந்த அபராதம் ஒரு செலவே இல்லை.

சம்பளப் பட்டியல்: மிச்சம் யாருடையது?

1994-இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட க்ளென் ராபின்சன் 10 கோடி டாலர் கேட்டு, கடைசியில் 10 ஆண்டுக்கு 6.8 கோடிக்கு ஒப்புக்கொண்டார். ஒரு ஆட்டம்கூட ஆடாதவருக்கு இவ்வளவா என்று உரிமையாளர்களும் மூத்த வீரர்களும் ஒரே குரலில் கொதித்தார்கள். லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 1995 கூட்டு ஒப்பந்தத்தில் ரூக்கி, அதாவது புதுவீரர், சம்பளப் பட்டியல் வந்தது. இன்று அதன் அமைப்பு இப்படி: முதல் சுற்றின் 30 இடங்களுக்கும் தனித்தனித் தொகை உண்டு. அணி அதில் 80 முதல் 120 சதவீதம் வரை தரலாம். ஏறக்குறைய எல்லோரும் 120-இல்தான் கையெழுத்திடுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டு உறுதி. மூன்றாவது, நான்காவது ஆண்டுகள் அணியின் விருப்பம். மூன்றாம் ஆண்டு வேண்டுமா என்பதை இரண்டாம் சீசன் தொடக்கத்திலேயே, அக்டோபர் 31-க்குள் அணி சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வயதுப் பையனை ஒரே சீசன் பார்த்து எடுக்கும் முடிவு அது.

2025-26 சீசனில் சம்பள வரம்பு 15.46 கோடி. முதல் இட வீரருக்குச் சுமார் 1.38 கோடி, அதாவது வரம்பில் 9 சதவீதம்கூட இல்லை. முப்பதாவது இடத்துக்குச் சுமார் 27 லட்சம்.

இங்கே அடிக்கடி தவறவிடப்படும் ஒரு விஷயம் உண்டு. கூட்டு ஒப்பந்தத்தின்படி லீக் வருமானத்தில் ஏறக்குறைய பாதி, எப்படியும் வீரர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படியானால் ரூக்கிக்குக் குறைத்துக் கொடுப்பதால் உரிமையாளர்கள் கூட்டாகப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. அந்தப் பணம் மற்ற வீரர்களுக்கு, குறிப்பாக நடுத்தர மூத்த வீரர்களுக்குப் போகிறது. இருபத்திரண்டு வயது நட்சத்திரத்தின் சம்பளத்திலிருந்து முப்பத்திரண்டு வயது மாற்று வீரருக்கு ஒரு பங்கு. சங்கம் இதற்கு ஏன் ஒப்புக்கொண்டது என்பதும் இதிலேயே விளங்கும். பேச்சுவார்த்தை மேசையில் இருப்பவர்கள் ஏற்கெனவே லீக்கில் ஆடுபவர்கள். அடுத்த ஆண்டு டிராஃப்டில் வரப்போகும் பையனுக்கு அங்கே ஓட்டு இல்லை.

நீதிமன்றம் போனவரும் உண்டு. லியோன் வுட் 1984-இல் பத்தாவது இடத்தில் பிலடெல்ஃபியாவுக்குப் போனார். அணி சம்பள வரம்பைத் தாண்டியிருந்ததால் அவருக்குத் தர முடிந்தது ஓராண்டுக்கு 75,000 டாலர். டிராஃப்டும் வரம்பும் வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு எதிரானவை என்று வழக்குப் போட்டார். 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சங்கத்தோடு பேசி முடித்த ஒப்பந்தம் புதிதாக வருபவரையும் கட்டும், எந்தத் தொழிலிலும் புதியவருக்குப் பழையவரைவிடக் குறைவாகக் கிடைப்பது உண்டு என்பது அதன் வாதம். வுட் பின்னாளில் அதே லீக்கில் நடுவரானார். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, சீர்திருத்தம் வர வேண்டுமானால் கூட்டு ஒப்பந்தம் வழியாகத்தான் வர வேண்டும்.

நான்கு ஆண்டு முடிந்ததும் வீரர் விடுதலையாவதில்லை. ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிறார்: வேறு அணி விலை சொல்லலாம், பழைய அணி அதே விலையைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளலாம். எப்படியும் நிறுத்திக்கொள்வார்கள் என்று தெரிந்தால் யார் விலை சொல்லப் போகிறார்கள்? 2025 கோடையில் சம்பள வரம்புக்குள் போதிய இடம் இருந்த அணி ஏறக்குறைய புரூக்லின் ஒன்றுதான். ஜொனாதன் குமிங்கா, ஜாஷ் கிட்டி, குவென்டின் கிரைம்ஸ், கேம் தாமஸ் நால்வரும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். தாமஸ் சுமார் 60 லட்சத்துக்கும் கிரைம்ஸ் சுமார் 87 லட்சத்துக்கும் ஓராண்டுத் தற்காலிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஐந்தாம் ஆண்டிலும் அதே கட்டு. 2023 ஒப்பந்தம் கொண்டுவந்த இரண்டாவது ஏப்ரன் என்ற கடும் செலவு வரம்பு இதை இன்னும் இறுக்கியிருக்கிறது. அதைத் தாண்டும் பணக்கார அணிக்கு மலிவு ஒப்பந்த வீரர் முன்பைவிட அதிகம் தேவை. ஆக, டிராஃப்ட் இடத்தின் மதிப்பு ஏறிக்கொண்டேதான் போகும்.

இரண்டாம் சுற்று

இரண்டாம் சுற்றுக்குச் சம்பளப் பட்டியலே கிடையாது, உறுதியும் இல்லை. 2014-இல் நிகோலா யோகிச் 41-ஆவதாக எடுக்கப்பட்டபோது தொலைக்காட்சியில் ஒரு துரித உணவுக் கடை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய நான்காம் ஆண்டு சுமார் 16 லட்சம் டாலருக்கு டென்வரின் கையில் இருந்தது. அந்த அணி அதை விட்டுக்கொடுத்து, 2018-இல் ஐந்தாண்டுக்கு 14.7 கோடி அளவில் ஒப்பந்தம் போட்டது. மலிவு ஆண்டை அனுபவித்துவிட்டு விட்டிருந்தால் அவர் முழு விடுதலையோடு வெளியே போயிருக்கலாம். டாலஸ் 33-ஆவதாக எடுத்த ஜேலன் பிரன்சன் நான்கு ஆண்டு சுமார் 61 லட்சத்துக்கு ஆடிவிட்டு 2022-இல் அப்படித்தான் நியூயார்க்குக்குப் போனார். முதல் சுற்றில் கடைசியாக வருவதைவிட இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் வருவது சிலருக்கு நல்லது என்று முகவர்கள் கணக்குப் போடுவது இதனால்தான். ஐம்பதுக்கு மேல் என்றால், ‘எடுக்காதீர்கள்’ என்று அவர்களே அணிகளிடம் சொல்வதுண்டு. யாரும் எடுக்காவிட்டால் வீரர் தனக்கு ஏற்ற அணியைத் தானே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவிலிருந்து முதன்முதலில் டிராஃப்டில் எடுக்கப்பட்ட சத்னாம் சிங் 2015-இல் 52-ஆவது. டாலஸ் எடுத்தது, ஆடக் கிடைத்தது அதன் வளர்ப்பு அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில். என்.பி.ஏ. சீசன் ஆட்டம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. டிராஃப்டில் பெயர் வாசிக்கப்படுவதற்கும் வேலை கிடைப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை அவரை ஆசையோடு பார்த்திருந்த ரசிகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வளர்ப்பு

சத்னாம் எடுக்கப்பட்டபோது, என்.பி.ஏ. அணிக்கும் அதன் வளர்ப்பு அணிக்கும் மாறி மாறி ஆடவைக்கும் டூ-வே ஒப்பந்தம் இல்லை. அது 2017-இல்தான் வந்தது. அணிக்கு 15 நிரந்தர இடம்; அதற்கு மேல் டூ-வே இடங்கள் முதலில் இரண்டு, 2023 முதல் மூன்று. சம்பளம் ரூக்கி குறைந்தபட்சத்தில் பாதி, 2025-26-இல் சுமார் 6.36 லட்சம் டாலர். அதிகபட்சம் 50 என்.பி.ஏ. ஆட்டங்களுக்குத்தான் அணியில் இருக்கலாம். நிரந்தர ஒப்பந்தத்துக்கு மாற்றாவிட்டால் பிளேஆஃபில் ஆட முடியாது. அதற்கும் கீழே எக்ஸிபிட் 10: பயிற்சி முகாமுக்கு அழைத்து, வெட்டிவிட்டு, வளர்ப்பு அணிகளின் லீக்கான ஜி லீக்கில் அந்த அணிக்கு இருக்கும் கிளையில் 60 நாள் தங்கினால் ஒரு போனஸ். சாதாரண ஜி லீக் சம்பளம் 2024-25-இல் 43,000 டாலர்.

டூ-வே மூலம் உயர்ந்தவர்கள் குறைவில்லை. டங்கன் ராபின்சன் வளர்ப்பு அணியான சூ ஃபால்ஸில் ஆடி மியாமிக்குப் போய் 2021-இல் 9 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். தண்டரின் லு டோர்ட் யாரும் எடுக்காத நிலையில் டூ-வேயில் தொடங்கியவர். முதல் சுற்று வீரருக்கும் இது உதவும்: 27-ஆவதாக வந்த பாஸ்கல் சியாகம் 2017-இல் டொராண்டோவின் வளர்ப்பு அணியான ராப்டர்ஸ் 905 கோப்பை வென்றபோது அந்த இறுதித் தொடரின் சிறந்த வீரர். எதிர்ப்பக்கத்தில் 2020-இல் இரண்டாவதாக வந்த ஜேம்ஸ் வைஸ்மன். கல்லூரியில் மூன்றே ஆட்டம் ஆடியவரைக் கோப்பைக்கு ஓடிக்கொண்டிருந்த கோல்டன் ஸ்டேட் எடுத்தது. இந்த வயதில் ஒருவருக்கு வேண்டியது தவறு செய்துவிட்டும் களத்தில் நிற்கக் கிடைக்கும் நிமிடங்கள். அந்த அணியிடம் அது இல்லை. 2023-இல் மாற்றிவிட்டார்கள்.

இப்போது மொத்த வரைபடத்தையும் கல்லூரிப் பணம் மாற்றிக்கொண்டிருக்கிறது. 2021-இல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயராலும் படத்தாலும் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025-26 முதல் ஒரு பல்கலைக்கழகம் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகவே கொடுக்கலாம். டிராஃப்டுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள் 2021-இல் 353, 2025-இல் 106. பள்ளி முடித்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வளர்க்க லீக் தொடங்கிய இக்னைட் அணி 2024-இல் மூடப்பட்டது. ஐரோப்பாவும் தப்பவில்லை. ரியல் மாட்ரிட்டின் இகோர் டெமின், பார்சிலோனாவின் காஸ்பரஸ் யாகுசியோனிஸ் இருவரும் 2024-இல் அமெரிக்கக் கல்லூரிக்கு வந்து, மறு ஆண்டே முதல் சுற்றில் போனார்கள்.

இதில் ஒரு விளைவு பலர் கண்ணில் படவில்லை. கல்லூரியிலேயே தங்கி இருபத்துமூன்று வயதில் டிராஃப்ட் ஆகும் வீரருக்கு நான்காண்டுக் கட்டு முடிய இருபத்தேழு. அவருடைய உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் முழுவதும் பட்டியல் சம்பளத்தில் கழியும். நான்காண்டு என்பது பத்தொன்பது வயதுப் பையனை மனதில் வைத்து எழுதிய கணக்கு.

எதை மாற்றலாம்

முதலில் ஒப்பந்த நீளத்தை வயதோடு கட்ட வேண்டும். டிராஃப்ட் நாளில் வயது 20 அல்லது அதற்குக் கீழ் என்றால் நான்கு ஆண்டு. 21 என்றால் மூன்று. 22 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு. பயிற்சிச் செலவை வேறொருவர் ஏற்று வளர்த்த வீரரை அதே நான்காண்டு வைத்துக்கொள்ள அணிக்கு நியாயம் இல்லை.

அடுத்தது சாதனைப் படி, அதாவது நன்றாக ஆடுபவருக்குக் கூடுதல் தொகை. அமெரிக்க பேஸ்பால் 2022 முதல் ஆண்டுக்கு 5 கோடி டாலர் பொதுத் தொகுப்பு வைத்து, குறைந்த சம்பளத்தில் நன்றாக ஆடும் இளையவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. கூடைப்பந்தில் அப்படியே செய்தால் வீரருக்கு நன்மை, ஆனால் அணியின் சம்பளக் கணக்கில் அது ஏறாது; தோற்கும் ஆசை குறையாது. அதனால் படி அணியின் கணக்கில் ஏற வேண்டும். தலைசிறந்த பதினைந்தில் வருபவருக்கு 30 சதவீதம் வரை கொடுக்கும் ரோஸ் விதி 2011 முதலே உண்டு; ஆனால் அது ரூக்கி ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் செயல்படும். அதே தூண்டுகோலை முன்னுக்குக் கொண்டுவந்து, ரூக்கி ஒப்பந்தத்துக்குள்ளேயே தகுதி பெற்ற மறு சீசனிலிருந்து 25 சதவீதத்துக்கு ஏற்றலாம். சிக்கலும் உண்டு. பத்திரிகையாளர்களின் ஓட்டு சம்பளத்தைத் தீர்மானிக்கும். 65 ஆட்டம் ஆடியாக வேண்டும் என்பதால் காயம்பட்டவர் இழப்பார். ஏப்ரன் விளிம்பில் நிற்கும் அணி ஒரே ஓட்டில் அதைத் தாண்டிவிடும். முதல் ஆண்டுக்கு மட்டும் அந்த ஏற்றத்தை ஏப்ரன் தண்டனையிலிருந்து விலக்கி, வரம்புக் கணக்கில் வைத்துக்கொண்டால் தாங்கும். பணம் நடுத்தர மூத்த வீரர்களிடமிருந்துதான் வரும்; சங்கத்துக்குள் கசப்பான விவாதம் நடக்கும், நடக்கத்தான் வேண்டும்.

குலுக்கலுக்கு வந்தால், மகளிர் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. இரண்டு சீசன் முடிவுகளைக் கூட்டிப் பார்க்கிறது. சீசன் கடைசியில் நான்கு ஆட்டம் தோற்பதற்கு அங்கே பாதி மதிப்புதான். அதன் குறை, ஒரே அணி மேலே ஒட்டிக்கொள்வது: இந்தியானா 2023, 2024 இரண்டிலும் முதல் இடம் பெற்றது. அடுத்தடுத்த ஆண்டில் முதல் இடம் கூடாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பிளேஆஃப் வாய்ப்பு போன பிறகு வெல்லும் ஆட்டங்களுக்கு மதிப்பெண் என்ற முறையை மகளிர் ஐஸ் ஹாக்கி லீக்கான பி.டபிள்யூ.எச்.எல். கையாள்கிறது. அழகான எண்ணம், ஆனால் 82 ஆட்ட சீசனில், சீக்கிரம் வெளியேறிவிட டிசம்பரிலேயே தோற்கலாமே என்று ஒருவர் யோசிப்பார். முப்பது ஆண்டுச் சுழற்சியில் எல்லா இடமும் எல்லோருக்கும் ஒருமுறை என்ற ‘சக்கரம்’ யோசனை 2013-இல் பாஸ்டன் நிர்வாகத்திலிருந்து வந்தது. எந்த ஆண்டு எந்த அணி முதலில் என்று முன்பே தெரிந்தால், கல்லூரியில் பணம் கிடைக்கும் இக்காலத்தில் நட்சத்திரம் ஓராண்டு காத்திருந்து தனக்குப் பிடித்த அணிக்குப் போவார். தேர்வுரிமைப் பாதுகாப்பின் எல்லைகளை முதல் நான்கு, முதல் பதினான்கு என்ற இரண்டு கோட்டில் மட்டும் அனுமதித்தால் டாலஸ் செய்தது போன்ற விளிம்பு வேலைகள் பெரும்பாலும் அடங்கும்.

வளர்ப்பில் செய்ய வேண்டியது எளிது. டூ-வே வீரருக்கு 50 ஆட்ட வரம்பை எடுத்துவிட்டு, 51-ஆவது ஆட்டத்திலிருந்து முழு ரூக்கி குறைந்தபட்ச நாள் சம்பளம் கொடுக்கலாம். பிளேஆஃபிலும் ஆடவிடலாம். கால்பந்தில் ஒருவரை 12 முதல் 21 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி நஷ்டஈடு உண்டு. மாட்ரிட்டிலோ பெல்கிரேடிலோ பதின்மூன்று வயதிலிருந்து வளர்த்த கிளப்புக்கும் டிராஃப்ட் இடத்தைப் பொறுத்து ஒரு நிலையான தொகை போனால், அங்கே அடுத்த வகுப்புக்கு மைதானமும் பயிற்சியாளரும் கிடைக்கும்.

குலுக்கல் விதியை உரிமையாளர்கள் ஓட்டெடுத்து மாற்றலாம். 30-இல் 23 வேண்டும். 2014-இல் ஒரு சீர்திருத்தம் 17 பேர் ஆதரித்தும் 13 பேர் எதிர்த்ததால் தோற்றது. 2017-இல் 28 பேர் ஆதரித்து நிறைவேறியது. தண்டர் எதிர்த்தது, டாலஸ் ஒதுங்கியது. சம்பளமும் ஒப்பந்த நீளமும் அப்படியல்ல, சங்கம் கையெழுத்திட வேண்டும். இப்போதைய கூட்டு ஒப்பந்தம் 2029-30 வரை. 2028-29 முடிவிலேயே விலக இரு தரப்புக்கும் உரிமை உண்டு. அதற்குப் பிறகு வரும் பட்டியலில் கையெழுத்திடப் போகிறவர்களில் பலர் இன்று பள்ளிக்கூடத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.